வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ‘முழு உடல் பேக்கேஜ்’: நடுவில் ஒரு வைட்டமின் டி வியாபாரம்

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு நடை போய் வந்தாலே எத்தனை லேப், எத்தனை பேக்கேஜ் என்று தெரிந்துவிடும். பாதி விலை, வீட்டுக்கே வந்து எடுக்கிறோம், ரிப்போர்ட் அன்றைக்கே என்று பேனர் மேல் பேனர். அதில் ஒன்றைத்தான் அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்து எடுத்தேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் கிளை வைத்திருக்கிற லேப். பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நான் குறை சொல்லப் போகிற விஷயத்தைக் கிட்டத்தட்ட எல்லா லேபும் செய்கிறது, ஒருவரை மட்டும் பிடித்து இழுப்பது நியாயமில்லை. ஜோடி பேக்கேஜ் 2,999 ரூபாய். சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு, கிட்னி, லிவர், தைராய்டு, ரத்த அணுக்கள், பி12, வைட்டமின் டி எல்லாம் அதில் அடக்கம், கூடவே ‘இலவச பிரஷர் செக்கப்’.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்தம் எடுக்க வந்த தம்பி தங்கமானவர். காலை ஆறரைக்கு வருகிறேன் என்றவர் அதற்கும் முன்னாலேயே தெருமுனையில் நின்று போன் செய்தார். புது ஊசியை எங்கள் கண் முன்னால்தான் பிரித்தார், கையுறையும் புதுசு. அப்பாவுக்கு நரம்பு கிடைப்பது குதிரைக்கொம்பு, போன தடவை வேறொரு இடத்தில் இரண்டு கையிலும் குத்திப் பார்த்து நீலம் பாரிக்க வைத்து அனுப்பினார்கள். இவர் அவசரமே படாமல் முழங்கை மடிப்பில் விரலால் தடவித் தடவிப் பார்த்து, ‘ஐயா, கையை இறுக்கி மூடுங்க, அப்படியே வச்சிருங்க’ என்று சொல்லி ஒரே குத்தில் எடுத்துவிட்டார். குழாயில் பெயர் எழுதிய ஸ்டிக்கரை அங்கேயே ஒட்டி, வயதை இன்னொரு தடவை கேட்டுச் சரிபார்த்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ரிப்போர்ட் சாயந்திரமே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. இந்த வேலைக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்துக்கு ஐந்து.

பிரஷர் பார்த்த விதம்தான் சரியில்லை. அப்பா அப்போதுதான் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தார். பாத்ரூம் போகக்கூட விடாமல் முதலில் பிரஷர் பார்த்துவிடலாம் என்று சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருக்க, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்மானம் இல்லாமல் உட்கார வைத்து, அதற்கு நடுவில் ‘ஐயா எந்த ஆபீஸ்ல இருந்தீங்க’ என்று பேச்சும் கொடுத்துக்கொண்டு அமுக்கினால் என்ன வரும்? 158/94 வந்தது. அதையே ரிப்போர்ட்டில் சிவப்பில் அடித்துவிட்டார்கள். பிரஷர் பார்க்க ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் பதிய வேண்டும், கை மேசை மேல் இதய மட்டத்தில் இருக்க வேண்டும், சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்கக் கூடாது, பேசக் கூடாது. இதெல்லாம் சும்மா சாஸ்திரத்துக்குச் சொல்வது கிடையாது. கையைத் தொங்கவிட்டுப் பார்த்தால் மேல் எண் சராசரியாக 6.5 கூடுதலாகக் காட்டுகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வு 2024-ல் வந்தது, மடியில் வைத்துக்கொண்டால்கூட 4 அளவுக்கு ஏறிக் காட்டுகிறதாம். கை ஒன்றுக்கே இவ்வளவு என்றால், பேச்சு, மாடிப்படி, பாத்ரூம் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இலவசம்தானே என்று விட்டுவிடவும் முடியவில்லை, ஏனென்றால் அடுத்து வந்த வியாபாரம் முழுக்க அந்த 158-ன் மேல்தான் நின்றது.

ரிப்போர்ட்டில் வைட்டமின் டி எனக்கு 14, அப்பாவுக்கு 22 (ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கு). இரண்டுமே சிவப்பு. கீழே ஒரு படம், இதயம், சூரியன், அதற்குப் பக்கத்தில் ‘வைட்டமின் டி குறைந்தால் உயர் ரத்த அழுத்த அபாயம் மூன்று மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. மறுநாள் லேபிலிருந்து ‘ஹெல்த் கவுன்சிலர்’ என்று ஒரு பெண் போனில் பேசினார். மேடம், அப்பாவுக்கு டி குறைவாக இருப்பதால்தான் பிரஷர் ஏறியிருக்கிறது, எங்களிடமே மூன்று மாத சப்ளிமெண்ட் இருக்கிறது, வைட்டமின் டி, வைட்டமின் கே2, மெக்னீசியம் மூன்றும் சேர்ந்தது, அதற்கப்புறம் மறுபடி டெஸ்ட் எடுத்தால் தள்ளுபடி உண்டு என்று மூச்சு விடாமல் சொன்னார். அப்பா என்ன மாத்திரை போடுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், போனுக்குக் குனிந்து ‘ஏம்மா, சர்வீஸ் பூரா கம்பத்து மேல வெயில்லதான் தொங்குனேன், எனக்கு பிரஷர் அப்பவே வந்துருச்சே’ என்றார். அந்தப் பெண்ணிடம் அதற்குப் பதில் இல்லை, லைனில் இருங்க ஐயா என்று சொல்லி கட் செய்துவிட்டார்.

அந்த மூன்று மடங்கு கட்டுக்கதை என்று நினைத்துத்தான் தேடினேன், ஆனால் அந்த எண்ணுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. 2007-ல் ஹார்வர்டு ஆட்கள், அமெரிக்காவில் பல வருடமாகத் தொடர்ந்து கவனித்து வந்த நர்ஸுகள், ஆண் மருத்துவப் பணியாளர்கள் ஆகியோரில் ரத்தத்தில் வைட்டமின் டி அளந்திருந்த 1,800 பேர் அளவில் எடுத்துப் பார்த்தார்கள். 15-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 30-க்கு மேலே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அடுத்த நான்கு வருடத்தில் பிரஷர் வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. ஆண்களை மட்டும் தனியாகப் பார்த்தால் ஆறு மடங்கு, அது சின்னக் கூட்டத்தில் கிடைத்த எண், அதனால் ரொம்ப நம்ப வேண்டியதில்லை. லேபின் வரி அநேகமாக இங்கிருந்து வந்ததுதான். ஆனால் 15-க்குக் கீழே என்ற நிபந்தனையைக் கழற்றிவிட்டு, 22 இருக்கிற மனிதருக்கு அதே மூன்று மடங்கை ஒட்டியிருக்கிறார்கள்.

காரணமும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கிட்னி ரெனின் என்று ஒன்றைச் சுரக்கிறது, அது ஒரு சங்கிலியைத் தொடங்கி வைத்து ரத்தக்குழாயைச் சுருக்கி, உப்பைப் பிடித்து வைத்து பிரஷரை ஏற்றுகிறது. வைட்டமின் டி அந்த ரெனினை அடக்கி வைக்கிறது. 2002-ல் சிகாகோவில், வைட்டமின் டி வேலை செய்யவே முடியாதபடி மரபணு நீக்கிய எலிகளுக்கு ரெனினும் பிரஷரும் எகிறியதைக் காட்டினார்கள். அப்பா போடுகிற பிரஷர் மருந்து டெல்மிசார்ட்டான் கைவைப்பதும் இதே சங்கிலியில்தான். ஆக, டி-யை ஏற்றினால் பிரஷர் இறங்க வேண்டும், கணக்கு சரியாக வருகிறது.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான் கணக்கு இடித்தது. 2015-ல் வந்த டேலைட் என்ற ஆய்வு இதற்கென்றே செய்தது. டி குறைவாகவும் பிரஷர் எல்லைக்கோட்டில் அல்லது லேசாகக் கூடுதலாகவும் இருந்த, மருந்து எதுவும் எடுக்காத 534 பேர். பாதிப் பேருக்கு தினம் 4,000 யூனிட், மீதிப் பேருக்கு வெறும் 400, ஆறு மாதம் கொடுத்து, 24 மணி நேரமும் கையிலேயே கட்டியிருக்கும் கருவியால் அளந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. அதே வருடம் 46 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்களும் பிரஷருக்காக டி கொடுப்பதில் பயனில்லை என்றே முடித்தார்கள். அப்புறம் 2019 வாக்கில் வந்த வைட்டல் என்ற ஆய்வு, 25,871 பேர், தினம் 2,000 யூனிட், ஐந்து வருடத்துக்கும் மேல். மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் குறையவில்லை.

எதிர்த்தரப்பிலும் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2014-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவைப் பார்த்து, பிறவியிலேயே டி கொஞ்சம் கூடுதலாக இருக்கும் வாகு உள்ளவர்களுக்கு பிரஷர் வாய்ப்பு கொஞ்சம் குறைவு என்று கண்டார்கள். ஆனால் அளவிட்ட பிரஷரில் அந்த வித்தியாசம் ஒரு புள்ளிகூட வரவில்லை, அரைக்கும் கீழே. பிளாஸ்டிக் நாற்காலியில் கையைத் தொங்கவிட்டதில் வந்த தப்பு அதைவிடப் பல மடங்கு.

அப்படியென்றால் டி குறைந்தவர்களுக்கு ஏன் பிரஷர் அதிகமாக இருக்கிறது? உடம்பு போட்டவர்களுக்கு டி கொழுப்பில் போய்த் தங்கிவிடுகிறது, ரத்தத்தில் குறைவாகத் தெரியும். வயதானால் தோல் டி தயாரிப்பது குறைகிறது. நோயாளிகள், நாள் பூரா உட்கார்ந்தே இருப்பவர்கள் வெளியில் வருவதில்லை. இவர்கள் எல்லோருக்கும் பிரஷர் வரவும் வாய்ப்பு அதிகம். தெருவில் நிறையப் பேர் குடை பிடித்துப் போகிறார்கள் என்றால் மழை பெய்கிறது என்று புரியும், அதற்காக எல்லோரும் குடையை மடக்கிவிட்டால் மழை நின்றுவிடுமா என்ன.

இன்னொரு விஷயம், அந்தச் சிவப்பு எழுத்தே விவாதத்துக்கு உரியது. 30 இருந்தால்தான் போதுமானது என்ற எல்லையை 2011-ல் முன்வைத்தது அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி, ஹார்மோன் மருத்துவர்களின் சங்கம். அதே சமயத்தில் அங்கேயே இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின், பெரும்பாலானவர்களுக்கு 20 போதும் என்று சொன்னது. லேபுகள் எதைப் பிடித்துக்கொண்டன என்று சொல்லத் தேவையில்லை. 30 என்று வைத்தால் நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சிவப்புதான். வேடிக்கை என்னவென்றால் அந்த எண்டோகிரைன் சொசைட்டியே 2024-ல் 30 என்ற இலக்கைக் கைவிட்டதோடு, வேறு காரணம் இல்லாத ஆரோக்கியமான பெரியவர்கள் வழக்கமாக டி அளவைப் பரிசோதிக்கவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. நம் லேப் ரிப்போர்ட்டில் மட்டும் 2011 இன்னும் முடியவில்லை.

என் 14 வேறு கதை, யார் எல்லைக்கோட்டைப் பிடித்தாலும் அது குறைவுதான். காரணமும் தெரிந்ததுதான். காலையில் துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டி, முழங்கை வரை கிளவுஸ் மாட்டி ஸ்கூட்டியில் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து புதுச்சேரி பஸ், பகல் முழுக்க ஏசி அறையில் கணக்கு வழக்கு, திரும்பும்போது தென்பெண்ணை பாலத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பூமத்தியரேகைக்கு 12 டிகிரி பக்கத்தில் வாழ்ந்துகொண்டு வெயில் படாமல் ஒரு நாளை ஓட்டுவது எங்கள் ஆபீஸ் பெண்கள் எல்லோருக்கும் கைவந்த கலை. எனக்கு பிரஷர் 116/74, அது ஒரு வீட்டு உதாரணம், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் மேல்முதுகு வலி, மாடி ஏறினால் தொடைச் சோர்வு எல்லாம் இருந்தது. மஞ்சக்குப்பத்தில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் காட்டினேன். எலும்புக்கும் தசைக்கும் இது வேண்டும், அதற்காக எடுத்துக்கொள், பிரஷர் கிஷர் என்று குழப்பிக்கொள்ளாதே என்றார். 60,000 யூனிட் சாஷே (பொடி பாக்கெட்), வாரம் ஒன்று, எட்டு வாரம், பாலில் கலக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு, ஏனென்றால் கொஞ்சம் கொழுப்போடு போனால்தான் உடம்பில் சேரும். லேப் சொன்ன மூன்று மாத கூட்டு சப்ளிமெண்ட் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

இந்தச் சாஷே விஷயத்தில் ஒன்று. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வைட்டமின்தானே என்று அலட்சியம் வேண்டாம், இது பி காம்ப்ளெக்ஸ் மாதிரி சிறுநீரில் போய்விடாது, கொழுப்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், கிட்னி பாதிப்பு வரை போகும், பிரஷரே ஏறவும் கூடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைய தேவை 600 யூனிட் என்றுதான் நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-ல் சொல்லியிருக்கிறது, அதோடு வைத்து 60,000-ஐ யோசித்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், அப்பா போடுவது டெல்மிசார்ட்டானோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்த மாத்திரை. அந்த இரண்டாவது மருந்து, கால்சியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கும். அதன் மேல் டி-யையும் அள்ளிப் போட்டால் கால்சியம் ஏற இன்னொரு வழி திறந்துவிடும். போனில் பேசின கவுன்சிலர் மாத்திரை பேரைக் கேட்காமல் சப்ளிமெண்ட் விற்கப் பார்த்தார் என்பதுதான் இந்த லேப் மேல் எனக்கு இருக்கிற பெரிய கோபம். பேக்கேஜ் விலையெல்லாம் அதற்கு அப்புறம்.

வெயிலைப் பற்றியும் அந்தக் கவுன்சிலர் தப்பாகத்தான் சொன்னார். காலை ஆறரை ஏழு மணி இளவெயிலில் நிற்கச் சொன்னார். அப்பா தினமும் விடிவதற்கு முன்னாலேயே சில்வர் பீச்சுக்குப் போய் நடந்துவிட்டு ஏழு மணிக்குத் திரும்புகிறவர், பிரஷருக்கு அந்த நடை ரொம்ப நல்லது, ஆனால் டி-க்கு அதில் ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. டி உண்டாக்கும் கதிர் சாய்ந்த வெயிலில் காற்று மண்டலத்தைத் தாண்டி வருவதற்குள் வடிந்துபோகும். திருப்பதியில் செய்து பார்த்த ஆய்வில் பகல் 11 முதல் 2 மணி வரைதான் டி நன்றாக உண்டாவதாகக் கண்டார்கள், அது நமக்கு ரொம்பத் தூரமில்லை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கையும் காலும் வெளியில் தெரிய கொஞ்ச நேரம், கருத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஜன்னல் கண்ணாடிக்குள் உட்கார்ந்தால் வராது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சித்திரை வெயிலில் போய் நின்று மயக்கம் போட்டு விழுந்தால் நான் பொறுப்பில்லை, மற்ற மாதங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மொட்டை மாடியில் நாங்கள் இரண்டு மூன்று பேர் இப்போது நிற்கிறோம், பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அப்பா பிரஷருக்கு வருவோம். டாக்டர் டி-யைத் தொடவே இல்லை. ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் பார்த்து எழுதி வாருங்கள் என்றார். முழங்கைக்கு மேலே கட்டுகிற டிஜிட்டல் கருவி ஒன்று வாங்கினோம், மணிக்கட்டில் கட்டுகிற ரகம் வேண்டாம் என்று அவரே சொன்னார். ஒழுங்காக உட்கார வைத்து, சட்டைக் கையை ஏற்றிவிட்டு, பேசாமல் பார்த்தால் 136, 138 என்றுதான் வந்தது. அதுவும் முழு நிம்மதி கிடையாது, வீட்டில் பார்க்கும்போது 135/85 எல்லைக்கோடு. ஆனாலும் 158-க்கு மாத்திரையைக் கூட்டுவதற்கும், 137-க்கு உப்பைக் குறைக்கச் சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம். மாத்திரை மாறவில்லை. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் வீட்டில் அது எங்கே ஏறுகிறது என்று பார்த்தால் பழையதுக்கு நெத்திலிக் கருவாடு, சாம்பாருக்கு அப்பளம், மோருக்கு ஊறுகாய், எல்லாம் அப்பாவின் ராஜ்யம். முதுநகர் துறைமுகத்தில் வாங்கும் பச்சை மத்தியில் வைட்டமின் டி-யும் உண்டு, நல்ல கொழுப்பும் உண்டு, அதையே குழம்பு வையுங்கள், கருவாட்டை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னதை அப்பா முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்.

காசு கொடுத்து எடுக்க வேண்டியதில்லை என்பவர்களுக்கு ஒரு தகவல். பிரஷர், சர்க்கரைக்கு தமிழ்நாடு அரசு 2021-ல் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கம் அந்தத் திட்டம் கிடையாது, அங்கே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, பெரிய சிக்கல் என்றால் கோரிமேடு ஜிப்மர்.

இந்த லேபுக்கு மறுபடி போவேனா என்றால், போவேன். ரத்தம் எடுக்க அந்தத் தம்பியைவிட நல்ல கை கிடைக்காது, கொழுப்பு, கிட்னி எண்கள் எல்லாம் டாக்டருக்கு உபயோகமாக இருந்தன. ஆனால் பிரஷரை அவர்களிடம் பார்க்க மாட்டேன், கவுன்சிலர் போனை எடுக்க மாட்டேன். புக் செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். வைட்டமின் டி இல்லாத பேக்கேஜ் உண்டா என்று முதலில் கேளுங்கள், உண்டு, பேனரில் போடமாட்டார்கள், ஆளுக்கு 600 ரூபாய் குறைகிறது என்று நான் பின்னால் விசாரித்தபோதுதான் சொன்னார்கள். இரண்டாவது, ரிப்போர்ட் அனுப்ப மட்டும் நம்பரைப் பயன்படுத்துங்கள், விளம்பர அழைப்பு வேண்டாம் என்று படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எங்கள் நம்பருக்கு இன்னும் கே2 தள்ளுபடி மெசேஜ் வந்துகொண்டுதான் இருக்கிறது.